வாயுக் கணக்கும் நம் வாழ்வும்



வேதியியலில் வாயுக் கணக்கு என்றால் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவது நம் வழக்கம். நாம் மறக்கக் கூடாத கணக்கொன்று அதில் உண்டு.

பள்ளி ஆய்வகத்துக் கிப் உபகரணத்தில், ஃபெர்ரஸ் சல்பைடின்மீது ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழுவதைக் கண்டிருக்கிறோம். பாதாளச் சாக்கடைச் சேற்றுக்குக் கருநிறம் தருவதும் பெரும்பாலும் அந்த இரும்புச் சல்பைடே. அடைப்பு நீங்கவென்று அங்கே அமிலம் ஊற்றினால் அதே வினைதான் நிகழும். ஆய்வகத்திற்குச் சன்னல் உண்டு; குழிக்கு இல்லை.

சமன்பாட்டின்படி 1 மோல் சல்பைடு, 2 மோல் அமிலத்துடன் வினைபுரிந்து 1 மோல் வாயுவைத் தருகிறது. இரும்பு 56, கந்தகம் 32. ஆக, 1 மோல் சல்பைடு 88 கிராம். 1 மோல் வாயுவின் பருமன் திட்ட வெப்ப அழுத்த நிலையில் 22.4 லிட்டர். நம் ஊர் வெப்பநிலை 30 டிகிரி என்றால் அதனை 303ஆல் பெருக்கி 273ஆல் வகுத்தல் வேண்டும். ஏறத்தாழ 25 லிட்டர் வரும்.

நீளமும் அகலமும் 1 மீட்டர், ஆழம் 2 மீட்டர் உள்ள குழியில் 2000 லிட்டர் காற்று அடங்கும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இவ்வாயு கலந்தாலே, இறங்கியவர் ஓரிரு மூச்சில் நினைவிழந்து விழுவார். அப்பங்கு 2 லிட்டர். 2ஐ 25ஆல் வகுத்து 88ஆல் பெருக்குங்கள்: 7 கிராம்! அதற்கு வேண்டிய அமிலமோ, 10 விழுக்காட்டுக் கரைசலாயின், அரைத் தம்ளருக்கும் குறைவு. வாயுவில் சிறிது நீரில் கரைந்துவிடுமே என்று ஒருவர் வாதிடலாம். கரையட்டும்; சேற்றில் இருப்பது 7 கிராம் மட்டுமா?

பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இறந்தோர் குடும்பத்திற்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆயினும் இறக்கப்படுவோர் பெரும்பாலும் நம்மவரே.

“விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை, இறங்கு” என்று மேலே நிற்பவர் கூறுவதுண்டு. இதையும் கணக்கிடுவோம். ஆயிரத்தில் ஒரு பங்கு வாயு புகுந்தால் ஆக்சிஜன் 21 விழுக்காட்டிலிருந்து 20.98 ஆகத்தான் குறையும். விளக்கு நன்றாகவே எரியும். மூக்கையும் நம்புவதற்கில்லை, பத்தாயிரத்தில் ஒரு பங்கிலேயே இவ்வாயு முகரும் உணர்வை மரக்கச் செய்துவிடும். மீத்தேனும் அங்கே தேங்கியிருக்குமாயின், அந்த விளக்கே குழியை வெடிக்கச் செய்யும்.