வெற்றுச் சாலையும் பார்த்தவர் கண்களும்



கவிதை பேசும் அவையில் மோட்டார் சைக்கிள் கும்பல்கள் நிறைந்த திரைப்படம் ஒன்றைப் பேசலாமா எனச் சிலர் வியக்கக்கூடும். ஒரு படைப்பை நிறைவுசெய்பவர் ஆக்கியவரா, நுகர்பவரா என்பது கவிஞர்க்குப் பழைய வழக்கு. அவ்வழக்கில் 1979ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் வெளிவந்த 'மேட் மேக்ஸ்' ஒரு நல்ல சாட்சி.

இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஒரு மருத்துவர். சிட்னி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சாலை விபத்துகளில் சிதைந்த உடல்களைக் கண்டவர். படத்திற்குப் பணம் சேர்க்க, அவசர அழைப்பு வந்த வீடுகளுக்கெல்லாம் அவர் மருத்துவம் பார்க்கச் செல்ல, தயாரிப்பாளரான நண்பர் பைரன் கென்னடி கார் ஓட்டினார். அரசு நிதி பெறாத அப்படத்தின் செலவு, ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு லட்சம் ஆஸ்திரேலிய டாலர். காவலர்கள் பலருக்குத் தோலுடை வாங்கக்கூட வழியில்லை. வினைல் உடையே கிடைத்தது. மோதிச் சிதறும் காட்சியொன்றிற்கு மில்லரின் சொந்த வேனே இரையாயிற்று.

இவ்வறுமையே படத்தின் உலகை உருவாக்கியது எனலாம். அழிந்த நகரத்தைக் கட்டிக்காட்டப் பணமில்லை. ஆகவே பாழடைந்த கட்டடம் ஒன்று காவல் தலைமையகமாயிற்று. விக்டோரியா மாநிலத்தின் ஆளரவமற்ற சாலைகள் எஞ்சிய நாடாயின. காலம் சற்றே எதிர்காலம் என ஒரு வரி அறிவிக்கிறது; நாகரிகம் ஏன் சரிந்தது என்பதற்கு விளக்கமில்லை. திரைக்கதையில் பங்குகொண்ட பத்திரிகையாளர் ஜேம்ஸ் மக்காஸ்லண்ட், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியையும், பெட்ரோல் வரிசையில் முறைமீறி நுழைந்தோர் மீது மக்கள் காட்டிய மூர்க்கத்தையும் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதையெல்லாம் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. பார்த்தவர்களே அந்த வெற்றிடத்தை நிரப்பினர்.

எப்படி நிரப்பினர் என்பதுதான் சுவையானது. ஜப்பானியர் அதில் தலைவனை இழந்த சாமுராயைக் கண்டனர் என்றும், பிரெஞ்சுக்காரர் சக்கரங்களில் ஓடும் 'வெஸ்டர்ன்' படம் என்றனர் என்றும், ஸ்காண்டிநேவியர் தனித்தலையும் வைக்கிங் வீரனைக் கண்டனர் என்றும் மில்லர் பேட்டிகளில் கூறியுள்ளார். தம் நாட்டுச் சாலை விபத்துகளை நினைந்து எடுத்த படம், எங்கெங்கோ பழங்கதைகளாய் முளைத்தது. உலகெங்கும் அதன் வசூல் பத்துக் கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது.

அமெரிக்காவில் மட்டும் அது பெரிதாக எடுபடவில்லை. ஆங்கிலம் பேசும் படத்தை, ஆஸ்திரேலிய உச்சரிப்பு புரியாது என்று கருதி, 1980இல் அமெரிக்கக் குரல்களால் மீண்டும் பேசவைத்து வெளியிட்டார்கள்! மெல் கிப்ஸனின் வாயசைவுக்கு வேறொருவர் குரல். ஒரு மண்ணின் பேச்சை உரித்தெடுத்தபின் எஞ்சியதைத்தான் அந்நாட்டினர் மதிப்பிட்டனர். அவர்களுடைய கருத்தை இப்படத்தைப் பற்றிய கருத்தாகக் கொள்ளலாமா என்பது ஐயத்திற்குரியது.

மிகக் கடுமையான கண்டனம் சொந்த நாட்டிலேயே எழுந்தது. ஆஸ்திரேலியத் திரைப்பட மறுமலர்ச்சிக்குப் பாடுபட்ட ஃபிலிப் ஆடம்ஸ், 'தி புல்லட்டின்' இதழில் இதை மரணத்தை விற்கும் ஆபாசம் என்ற பொருள்பட எழுதினார். கொடுமையில் இன்பம் காண்பவர்களுக்கே இது விருந்தாகும் என்பது அவர் வாதம். நியூசிலாந்து படத்தைத் தடைசெய்தது. அத்தடை 1983 வரை நீடித்தது. இவற்றை வெறும் பழமைவாதம் என ஒதுக்குதல் தகாது. வேகத்தையும் உலோகத்தையும் இத்தனை அழகாகக் காட்டும் படம், மோதலை இரசிக்கவும் கற்பிக்கிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு.

ஆனால் கண்டித்தவர்கள் எதைக் கண்டார்கள்? மேக்ஸின் குழந்தை கொல்லப்படும் தருணத்தில் திரையில் உடல் இல்லை, குருதி இல்லை. மோட்டார் சைக்கிள்கள் கடந்தபின் சாலையில் சிறு காலணி ஒன்று உருள்கிறது. அவ்வளவே. எரிந்துபோன நண்பனின் முகமும் மறைக்கப்படுகிறது; போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் சரிகிறது. மீதியைப் பார்ப்பவர் தம் நெஞ்சிலேயே எழுதிக்கொள்கிறார். எழுதியபின் அதைத் திரையில் கண்டதாகவே நம்புகிறார். குறிப்புப்பொருளின் ஆற்றலை அறிந்த கவிஞர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இறுதிக்காட்சியில்தான் கருத்துகள் மெய்யாகவே பிரிகின்றன. குற்றவாளி ஒருவனின் கணுக்காலைக் கவிழ்ந்த வண்டியுடன் விலங்கிட்டு, கையில் ஓர் இரம்பத்தைக் கொடுத்துவிட்டு மேக்ஸ் புறப்படுகிறான். விலங்கை அறுக்க நேரமில்லை. காலை அறுத்தால் தப்பலாம். பின்னால் வெடிப்பு எழுகிறது. அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே கைதட்டுபவரும் உண்டு, உடல் சில்லிடுபவரும் உண்டு. மேக்ஸின் முகத்தில் வெற்றியின் சாயல் துளியும் இல்லை என்பதைக் காணும்போது, சில்லிட்டவரே படத்தை இன்னும் நெருங்கிப் பார்த்தவர் எனத் தோன்றுகிறது. கைதட்டியவரைப் படம் தடுக்கவில்லை என்பதே ஆடம்ஸின் வாதத்திற்கு இன்றும் உயிர் தருகிறது.

2015இல் அதே இயக்குநரின் 'ஃபியூரி ரோட்' வெளிவந்து ஆறு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. அதன் வேகத்திற்குப் பழகி முதற்படத்திற்குத் திரும்புபவர்க்கு, கணவன் மனைவி குழந்தையுடன் கடற்கரையிலும் பண்ணையிலும் கழியும் நடுப்பகுதி இழுவையாகப்படக்கூடும். அந்த இழுவையினூடேதான் அந்தக் காலணிக்கு உரிய கால் பார்ப்பவர்க்குப் பழக்கமாகிறது.

ஸ்வீடனில் படத்தின் மீதான தடை 2005இல்தான் நீங்கியது. படம் வெளியான ஆண்டில் அங்கே பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 26.