விளக்கைக் காத்த ஏழாம் வகுப்பு
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கேயோ இருக்கிற சில தீவுகளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக் கடலில் 'ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ்' என்ற சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. பாதி மேய்ன் மாநிலத்தில், பாதி நியூ ஹாம்ப்ஷயரில். எங்கு பார்த்தாலும் பாறை. அங்கே போய் மனுஷன் ஏன் குடியிருக்கணும்? எல்லாம் 'காட்' மீனுக்காகத்தான். 17-ஆம் நூற்றாண்டிலேயே மீனவர்கள் குடியேறிவிட்டார்கள். மீனைப் பிளந்து, உப்பிட்டு, மரப் பரண்களில் காயவைத்தார்கள். நம்ம ஊர்க் கருவாடு மாதிரிதான்! அது கப்பலேறி ஐரோப்பா வரை போயிற்று.

பிறகு அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. பெரும்பாலோரைக் கரைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பழைய செழிப்பு திரும்பவே இல்லை. 1870-களில் ஸ்டார் தீவில் மிச்சமிருந்த குடும்பங்களும் ஹோட்டல் கட்ட வந்தவரிடம் வீடுகளை விற்றுவிட்டுக் கிளம்பின.

அந்த மீனவர்களின் பேச்சும் வாழ்க்கையும் நமக்கு எப்படித் தெரிகிறது? ஒயிட் தீவின் கலங்கரை விளக்கத்துக்கு 1839-இல் காவலராக வந்தவரின் மகள், அப்போது நான்கு வயதுக் குழந்தை, பின்னாளில் சீலியா தாக்ஸ்டர் என்ற கவிஞரானார். அவர் 1873-இல் அதையெல்லாம் புத்தகமாக எழுதி வைத்தார்.

இப்போதுள்ள விளக்குக் கோபுரம் 1859-இல் கட்டியது. புயலும் அலையும் அடித்து அடித்து விரிசல் விட்டுவிட்டது. "இனி தாங்காது" என்ற நிலையில், 2000-ஆம் ஆண்டுவாக்கில் எதிர்க்கரையில் நார்த் ஹாம்ப்டன் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் களத்தில் இறங்கினார்கள். நிதி திரட்டினார்கள், அரசிடம் போய்ப் பேசினார்கள். 2005-இல் கோபுரம் பழுதுபார்க்கப்பட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்!

நம் பழைய நூலகக் கட்டடத்தின் கூரை ஒழுகுவதை இன்று காலை எல்லோரும் பார்த்தோம். இடித்துவிடலாம் என்ற பேச்சும் காதில் விழுகிறது. முன்னாள் மாணவர்களே, பழுதுபார்க்கும் செலவை நாம் ஏற்போம். தம்பி தங்கைகளே, ஓய்வுபெற்ற நூலகரையும் ஊழியர்களையும் தேடிப்போய், அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அதைப் படிக்க ஆசைப்படுகிறேன்.