பதிவேடும் திறவும்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கத்தின் 25 ஆண்டு உதவித்தொகை ஏடுகளைக் கணினியில் ஏற்றும் பணியை நம் இளைஞர்கள் மேற்கொண்டுள்ளனர். அதற்கென எழுதிவரும் நிரலைக் காட்டி நம்மிடம் கருத்துக் கேட்டனர். நாம் கலைப் பட்டம் பெற்ற ஆசிரியர். கணினியைப் பிந்திய வயதில் கற்றவர். எனினும் பதிவேடு நம் கையோடு பழகிய பொருள். ஆதலின் சில சொல்லத் துணிந்தோம்.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் நிகழ்ந்ததை முதலில் கூறுகிறோம். ஒரே பெயருடைய மாணவியர் இருவர் இருந்தனர். செல்வி என்று வைத்துக்கொள்வோம். இருவர்தம் முதலெழுத்தும் ஒன்றே. நம் தெருக்களில் இது புதுமையன்று. பாட்டன் பெயரைப் பேரனுக்கும் குலதெய்வத்தின் பெயரை வீட்டுக்கொரு பிள்ளைக்கும் இடுகிறோம். உதவித்தொகைப் பட்டியலைக் கணினியில் ஆக்கியபோது அந்நிரல் பெயரையே அடையாளமாகக் கொண்டது. இரண்டாம் செல்வியைப் பதிந்ததும் முதல் செல்வி மறைந்துபோனாள். கணினி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பட்டியலில் ஒரு பெயர் குறைந்ததை எண்ணிப் பாராமல் கையொப்பமிட்டவர் நாமே. அக்குழந்தையின் தந்தை மூன்று நாள் கூலியை இழந்து நடையாய் நடந்தார். அவ்வாண்டுத் தொகை கிடைக்கவேயில்லை.

அது எவ்வாறு நிகழ்ந்தது? ஒரு திறவைக் கொடுத்தால் அதற்குரிய பொருளை எடுத்துத் தரும் தொகுப்பு கணினி மொழிகளில் உண்டு. பைத்தானில் அதை டிக்ஷனரி என்பர். ஜாவாவில் ஹாஷ்மேப் என்பது அவ்வகையினது. ஆயிரம் பெயரை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் சராசரி ஐந்நூறு பெயரைப் புரட்ட வேண்டிவரும். இத்தொகுப்போ திறவின்மீது ஒரு கணக்கைச் செய்து, எந்த அறையில் தேடுவது என்பதை அக்கணக்கின் விடையால் அறிகிறது. 1953 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார் இம்முறையை எழுதிவைத்தார். இரு வேறு திறவுகள் ஓர் அறைக்கே வந்தால் கணினி அவற்றைப் பிரித்தறிந்துகொள்ளும். ஆனால் திறவே ஒன்றாயிருந்தால், பின் வந்ததை வைத்து முன்னதை நீக்கிவிடும். அது பிழையன்று, அதன் விதியே அதுதான். நம் வேலைக்கு அவ்விதி பொருந்தாது. ஆகவே நமக்கென ஒரு தொகுப்பை நாமே கட்ட வேண்டியிருக்கிறது.

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் அதற்கு வழியுண்டு. நார்வே நாட்டின் டால், நைகார்ட் என்னும் இருவர் ஆக்கிய சிமுலா 67 என்ற மொழியில் ‘வகுப்பு’ என்ற அமைப்புத் தோன்றியது. வகுப்பு என்றதும் நமக்குச் சான்றிதழில் எழுதும் வகுப்பு நினைவுக்கு வரும். அந்த வகுப்பு அன்று இது. தரவையும் அதைத் தொடும் முறைகளையும் ஒருசேர அடக்கிய வார்ப்பு இது. வெளியார் எவரும் உள்ளே கைவிடாமல், நாம் வைத்த வாயிலின் வழியாகவே வரவேண்டும் என்பது இதன் பயன்.

முதலில் திறவைத் தேர்ந்தெடுங்கள். பள்ளிச் சேர்க்கை எண் போதாதா என்று ஒரு தம்பி கேட்டார். ஒரு பள்ளிக்குள் போதும். பல பள்ளிப் பிள்ளைகள் சேரும் நம் ஏட்டில் 412 என்ற எண் நால்வருக்கு இருக்கலாம். சங்கமே ஓர் எண் தரட்டும். அவ்வெண்ணுக்குள் ஊரையும் படிப்பையும் நுழைக்க வேண்டா. ஊர் மாறும், படிப்பும் மாறும். மாறும் ஒன்று திறவானால், பொருள் பழைய அறையில் கிடக்க, தேடுபவர் புதிய அறையைத் தட்டிக்கொண்டிருப்பார். இதற்கு அஞ்சியே, மாறக்கூடிய பட்டியலைத் திறவாக ஏற்கப் பைத்தான் மறுக்கிறது. 2005 இல் வெளிவந்த டாட்நெட் 2.0 இல் ‘கீய்டு கலெக்ஷன்’ என்றொரு வகுப்பு உண்டு. பொருளிலிருந்து திறவை எடுப்பது எவ்வாறு என்ற ஒரே செயற்பாட்டை நாம் எழுதினால் போதும். அதே திறவை மீண்டும் சேர்க்க முயன்றால் மறுத்துப் பிழை எழுப்பும். நம் செல்விக்கு வேண்டியிருந்தது அந்த மறுப்புத்தான்.

நம் இளைஞர் பைத்தானில் எழுதியுள்ளனர். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. டிக்ட் என்ற உள்ளமைந்த வகுப்பைத் தாயாகக் கொண்டு, பதியும் செயற்பாட்டை மட்டும் மாற்றியிருந்தனர். ஒவ்வொன்றாகப் பதிந்தால் காவல் உண்டு. ‘அப்டேட்’ வழியாக மொத்தமாக ஏற்றினாலோ, தொகுப்பை ஆக்கும்போதே பட்டியலைக் கொடுத்தாலோ, அவை நம் காவலைத் தொடாமலே உள்ளே போய்விடும். முன்வாயிலில் காவலாளியை நிறுத்திப் பின்வாயிலைத் திறந்துவைத்த கதைதான். ‘யூசர்டிக்ட்’ என்ற வகுப்பைத் தாயாகக் கொண்டால் அவ்விரு வழிகளும் நம் செயற்பாட்டின் ஊடாகவே வரும். பதிதல் வேறு, திருத்துதல் வேறு என இரு செயற்பாடுகளை வையுங்கள். இருப்பதன்மேல் எழுத விரும்புபவர் ‘திருத்து’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும்.

பெயரால் தேடவும் வேண்டுமே? அதற்கு இரண்டாவது தொகுப்பு ஒன்று கட்டுங்கள். அதில் ஒரு பெயருக்கு ஓர் ஆளை வைக்காமல், எண்களின் பட்டியலை வையுங்கள். இரண்டு செல்வியரும் அதில் அடங்குவர். இங்கே தமிழுக்கே உரிய ஓர் இடர் உண்டு. ‘பொன்னி’ என்ற பெயரின் முதலெழுத்தை யூனிகோடில் இருவகையாக எழுதலாம்: பகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு திறவுகள். ஒருவர் பதிந்த பொன்னியை மற்றொருவர் தேடினால், அப்படியொருத்தி இல்லை என்றே விடை வரும். என்.எஃப்.சி. என்னும் சீராக்கும் முறை இரண்டையும் ஒரு வடிவாக்கும். பதியும்போதும் தேடும்போதும் அதை வகுப்புக்குள்ளேயே செய்யுங்கள். தட்டச்சு செய்பவரின் நினைவுக்கு அதை விடாதீர்கள். முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடத்தையும் அங்கேயே களையுங்கள்.

இல்லாத எண்ணைக் கேட்டால் வெறும் வெற்றிடத்தைத் திருப்பித் தரவேண்டா. ‘இவ்வெண் இல்லை’ என்று உரக்கச் சொல்லுமாறு எழுதுங்கள். ஏற்றி முடித்ததும், ஏட்டில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையையும் தொகுப்பின் எண்ணிக்கையையும் இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. நம் தொடக்க கால ஏடுகளில் வரிசை எண் கிடையாது. பெயரும் தெருவும் மட்டுமே உள்ளன. எந்தச் செல்வி எவர் மகள் என்பது நம் மூத்த உறுப்பினர்களுக்கே தெரியும். எண் இடும் நாட்களில் அவர்கள் இளைஞர்களின் அருகில் வந்து அமர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.