அரவை இயந்திரத்திற்கு ஏற்ற பிளக்கும் சாக்கெட்டும்

(கொல்லிமலை விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



சாமையை உரலில் இட்டு, உலக்கையால் குத்தி அரிசியாக்குவது எவ்வளவு கடினமான வேலை என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கொல்லிமலையில் சாமைப் பரப்பு குறைந்ததற்கு மரவள்ளியின் வரவு ஒரு காரணம். இந்தக் குத்தும் வேலை மற்றொரு காரணம். இக்குறையைப் போக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் இம்மலையில் உமி நீக்கும் இயந்திரங்கள் அமைக்கப்பட்டன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. அத்தகைய இயந்திரம் நின்றுவிட்டால் மீண்டும் உலக்கையைத்தான் எடுக்க வேண்டும்.

இயந்திரம் நின்றால் முதலில் மோட்டாரைக் குறை சொல்கிறோம். மோட்டாருக்கு மின்சாரம் தரும் பிளக்கையும் சாக்கெட்டையும் யாரும் பார்ப்பதில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மெக்கானிக் வரவேண்டிய ஊரில், இந்தச் சிறு பொருளை நல்லதாகத் தேர்ந்தெடுப்பது மிக அவசியம்.

பிளக் ஏன் கருகுகிறது?

2 குதிரைத்திறன் உள்ள ஒருமுனை மோட்டார் சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். பிளக்கின் முள் தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை ஏற்பட்டால் 50 வாட் சூடு உண்டாகும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சிறிய சூட்டுக்கோல் 25 வாட்தான். அதைப்போல் இரு மடங்கு சூடு ஒரு கைப்பிடி அளவுள்ள பிளக்கிற்குள் தங்கினால் பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

மும்முனை மோட்டாரில் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு முள் மட்டும் விட்டுப்போனால், மோட்டார் மற்ற இரண்டு முனைகளைக் கொண்டு உறுமிக்கொண்டே சுமையை இழுக்கும். உடனே நிறுத்தாவிட்டால் காயில் கருகிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஆம்பியர்: மோட்டாரின் மீதுள்ள தகட்டில் ஆம்பியர் குறிக்கப்பட்டிருக்கும். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் 7 முதல் 8 ஆம்பியர் வரை எடுக்கும். கிளம்பும்போது இதைப்போல் 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். ஆகவே இதற்கு 16 ஆம்பியர் பிளக் வாங்க வேண்டும். 10 குதிரைத்திறனுக்கு 32 ஆம்பியர் வாங்குவது நல்லது. வீட்டில் விளக்கு, விசிறிக்குப் பயன்படும் 6 ஆம்பியர் பிளக்கை எந்த மோட்டாருக்கும் பயன்படுத்தக் கூடாது.

2. நிறமும் முள்ளும்: தொழிற்கூடங்களில் பயன்படும் உருண்டை வடிவப் பிளக்குகளில் நீல நிறம் 230 வோல்ட் ஒருமுனைக்கும், சிவப்பு நிறம் 415 வோல்ட் மும்முனைக்கும் உரியவை. நீலத்தில் 3 முள் இருக்கும். சிவப்பில் 4 முள், நியூட்ரலும் தேவையானால் 5 முள். எர்த் முள் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும். செருகும்போது அது முதலில் சேரும். கழற்றும்போது கடைசியில் பிரியும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் உயிரைக் காப்பது இந்த எர்த் இணைப்பே. அதை வெட்டி விடாதீர்கள்.

3. தூசியும் ஈரமும்: பிளக்கில் 'ஐ.பி.' என்று இரண்டு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 44 தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும். நுண்ணிய உமித் தூசியைத் தடுக்காது. ஐ.பி. 67 தூசியை முற்றிலும் தடுக்கும். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. அரவைக் கூடத்திற்கும், காப்பிப் பழத் தோல் நீக்கும் இடத்திற்கும் இதுவே ஏற்றது. ஆனால் வளையத்தைத் திருகி இறுக்கினால்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். பயன்படுத்தாத நேரத்தில் மூடியை மூடி வையுங்கள்.

4. கேபிள் பிடிப்பு: கேபிளின் மேலுறையை இறுகப் பிடிக்கும் கிளாண்டு உள்ள பிளக்கையே வாங்குங்கள். இல்லையேல் கேபிளை இழுக்கும்போது அந்த இழுப்பு திருகாணியின் மேல் விழும். கம்பி இழைகளுக்கு லக் போட்டு அழுத்திய பிறகே திருக வேண்டும். ஈயம் பற்றவைத்துத் திருகினால் நாளடைவில் ஈயம் நசுங்கி இணைப்பு தளர்ந்துவிடும்.

பராமரிப்பு

மின்சாரம் வரும் பக்கம் சாக்கெட்டும், இயந்திரத்தின் பக்கம் முள்ளும் இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால், கழற்றிய முள்ளிலும் மின்சாரம் இருக்கும். ஸ்டார்ட்டரை நிறுத்திய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். ஓடும்போது இழுத்தால் தீப்பொறி பறந்து முள் அரித்துவிடும். வயரிங் வேலைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கொண்டு செய்யுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானையும் அவரிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை எளிய சோதனை ஒன்று செய்யலாம். இயந்திரம் அரை மணி நேரம் ஓடியபின் மெயினை நிறுத்தி, பிளக்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று அறியலாம். முள் கருத்திருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய சாக்கெட்டில் புதிய பிளக்கைச் செருகினால் அதுவும் விரைவில் கருகும்.

மோட்டாருக்குக் காயில் கட்ட ஆகும் செலவோடு ஒப்பிட்டால் நல்ல பிளக்கின் விலை சிறிது. ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கும் முன்பே உங்கள் அரவைக் கூடத்தின் இணைப்புகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.