நல்லதென்று நம்பிய மாத்திரை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வயது சென்ற ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோயும், அதைச் சாப்பாட்டினாலும் மாத்திரையினாலும் தடுத்துவிடலாம் என்கின்ற பிரசாரமுமாகும். இதைச் சபையில் பேசுவதா என்று சிலர் கூச்சப்படலாம். மூடி மறைத்ததால் எந்த நோயாவது ஒருவனை விட்டுப் போனதுண்டா என்று கேட்கிறோம்.

புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள ஒரு சிறு சுரப்பி. வயது ஏற ஏற அதில் புற்றுநோய் உண்டாகும் ஆபத்தும் ஏறுகிறது. தகப்பனுக்கோ உடன்பிறந்தானுக்கோ வந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வயதையும் பிறப்பையும் மாற்ற முடியாதாகையால், மாற்றக்கூடிய சாப்பாட்டின்மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை விழுவது சகஜமே. மாத்திரை வியாபாரம் அந்த நம்பிக்கையின் பேரில்தான் நடக்கிறது.

விட்டமின் 'ஈ'யின் கதையைப் பாருங்கள். பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு, நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமா என்று அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலுக்குப் பயன் ஏற்படவில்லை. ஆனால் புரோஸ்டேட் புற்றுநோய் குறைந்ததாகக் காணப்பட்டது. 1996ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், தோல் புற்றுநோய்க்காகக் கொடுத்த செலினியமும் அப்படியே தோன்றிற்று. வேறொன்றைத் தேடும்போது தற்செயலாய் அகப்பட்ட இவ்விரண்டையும் கொண்டு, "தின்றால் நல்லது" என்று பலரும் நம்பிவிட்டார்கள்.

விஞ்ஞானிகளோ நம்பியதோடு நிற்கவில்லை. 2001 முதல் அமெரிக்கா, கனடா, போர்ட்டோரிக்கோ ஆகிய இடங்களில் 35,000க்கு மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு விட்டமின் 'ஈ', ஒன்றுக்கு செலினியம், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது தின்றவர்க்கும் தெரியாது, கொடுத்தவர்க்கும் தெரியாது. பயன் காணாமையால் 2008ல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011ல் வந்த கணக்கு என்ன தெரியுமா? ஏழு வருஷத்தில், வெறும் மாத்திரை தின்ற 1,000 பேரில் 65 பேருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். விட்டமின் 'ஈ' மட்டும் தின்ற 1,000 பேரில் 76 பேருக்கு! காப்பாற்றும் என்று காசு கொடுத்து வாங்கியது நோயைக் கூட்டிற்று. செலினியமும் காக்கவில்லை.

"அப்படியானால் கடலையும் எண்ணெயும் விஷமா?" என்று கேட்பீர்கள். அல்ல. பரிசோதித்தது 400 யூனிட் மாத்திரை. அது சாப்பாட்டில் கிடைப்பதைப்போல் பல மடங்கு. அளவோடு நல்லதாயிருப்பது அளவுக்கு மேலும் நல்லதாகவே இருக்கும் என்பதுதான் மூடநம்பிக்கை. தக்காளி தடுக்கும் என்பதும் இதுவரை ருசுவாகவில்லை. ருசிக்குத் தின்னுங்கள், கவசமென்று நம்பாதீர்கள்.

பின் செய்யவேண்டியது யாது? உடல் பருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பருமன், முற்றிய நோயின் ஆபத்தைக் கூட்டுகிறது. புகையை விடுங்கள். சிறுநீர் கழிப்பதில் தொந்தரவிருந்தால் வைத்தியரிடம் போங்கள்; பெரும்பாலும் அது புற்றுநோயாயிராது. ஆனால் இந்நோய் ஆரம்பத்தில் அடையாளமே காட்டாமலும் இருக்கும். ஆதலால் 50 வயது கடந்தவர்கள், முக்கியமாய்க் குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள், இரத்தப் பரிசோதனை தமக்குத் தேவையா, அதன் நன்மை தீமை என்ன என்று வைத்தியரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோழர்களே! பழையது என்பதற்காக எதையும் நம்பாதீர்கள் என்று சொல்லி வருகிறோம். சீசாவில் அடைத்து விஞ்ஞானத்தின் பெயரை ஒட்டியிருக்கிறது என்பதற்காகவும் நம்பாதீர்கள். "எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? எத்தனை பேர் பிழைத்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாதவனுக்கு உங்கள் காசையும் கொடுக்காதீர்கள், உடம்பையும் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.