கற்பனைக்கும் கண் வேண்டும்



நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், குயிலரசி ஒருத்தியின் கதையை வகுப்பிலே கூறினேன். கரிய மேனியும் இனிய குரலும் உடையவள் அவள், காட்டையே ஆள்பவள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கூவுகிற கருங்குயில் ஆண் அல்லவா? பெட்டைக்கு உடலெல்லாம் புள்ளியாயிற்றே!" என்றான். 'குறுக்கே பேசாதே' என்று அவனை அமர்த்திவிட்டேன். அவன் கூறியதே உண்மை என்பதைப் பின்னர்த் தோப்பில் கண்டறிந்தேன். குயில் அரசாள்வதை அவன் மறுக்கவில்லை. குயில் குயிலாக இல்லாததையே மறுத்தான்.

இதனை நன்குணர்ந்தவர் ஆங்கில எழுத்தாளர் ரிச்சர்டு ஆடம்ஸ். காரில் செல்கையில் தம் புதல்வியர்க்குச் சொன்ன முயற்கதையை 1972-இல் 'வாட்டர்ஷிப் டவுன்' என்னும் நாவலாக வெளியிட்டார். அதில் முயல்கள் பேசும்; தமக்கெனப் புராணமும் வைத்திருக்கும். ஆயினும், வேல்ஸ் நாட்டில் முயல்களைக் கூர்ந்து கவனித்த ரொனால்டு லாக்லி 1964-இல் வெளியிட்ட நூலையே ஆடம்ஸ் துணைக்கொண்டார். வளை தோண்டுவன பெரும்பாலும் பெண் முயல்களே. கதையிலோ, ஊரைவிட்டு ஓடிவந்தவை யாவும் ஆண் முயல்கள். ஆகவே வளை தோண்டுவதே முதல் இடர்ப்பாடாகிறது. பெண்ணின்றிக் குலம் தழைக்காதாதலின், பெண் முயல்களைத் தேடிச் செல்வது பெரும்போராக மூள்கிறது. இயற்கையின் நியதியே கதைக்கு உயிராயிற்று.

மாயக்கதை எழுத விரும்பும் இளைஞர்களே, முதலில் தோப்புக்குச் சென்று பாருங்கள், பார்த்ததைக் குறித்து வையுங்கள், பிறகு எழுதுங்கள். அன்று எழுந்து நின்ற மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவனுக்கு என் நன்றி உரியதாகுக!