ஒரே மலை, ஒரே பாடம்

பாடத்திட்டத்தில் மலையக வரலாற்றின் இடம் பற்றியது இந்த ஆய்வரங்கு.

இலங்கையில் சாதாரண தரம் வரை வரலாறு கட்டாயப் பாடம். பிரித்தானியர் காலத்தைப் படிக்கும் பிள்ளைக்குக் கோப்பித் தோட்டங்கள் தெரியும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதும், அதே ஆண்டு கண்டிக்கு ரயில் வந்ததும் தெரியும். ஆனால் மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தவர்களும், வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் மடிந்தவர்களும் ‘தென்னிந்தியத் தொழிலாளர்’ என்ற இரண்டு சொற்களோடு பெரும்பாலும் முடிந்துபோகிறார்கள்.

மலையகத் தமிழருக்கென ஓர் அத்தியாயம் சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனி அத்தியாயத்தை மலையகத்து ஹட்டன் பிள்ளை ஆர்வத்தோடு படிக்கும்; தெற்கே மாத்தறைப் பிள்ளை அது தனக்குரியதல்ல என்று தாண்டிப் போகும். இருக்கும் பாடத்தையே முழுமையாகச் சொல்வதுதான் நமக்கு வேண்டியது.

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். உறுதி காட்ட முடியாத கண்டிக் குடியானவர்களின் சேனை நிலமும் காடும் அந்தச் சட்டத்தால் அரசுக்குப் போயின. அரசிடமிருந்து தோட்டத் துரைமார் கைக்குப் போயின. அங்கே வேலைக்கு இறக்கப்பட்டவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஏழைகள். முன்னவர் காணியை இழந்தார். பின்னவர் ஊரை இழந்தார். இரண்டையும் ஒரே பாடத்தில் படிக்கும் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒருவரை ஒருவர் குற்றவாளியாகப் பார்க்க மாட்டார்கள்.

‘துண்டு’ முறையையும் வகுப்பில் காட்டலாம். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் வேலை மாறலாம். கடனும் ஆளோடு கூடவே மாறும். 1921இல்தான் சட்டம் அதைத் தடை செய்தது. அப்படி ஒரு சீட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்து, எழுதியவர் யார், கடன் யார் தலையில் என்று கேளுங்கள். கடன் கொடுத்து ஆள் சேர்த்த கங்காணி முறை பத்துப் பக்க விளக்கமின்றிப் புரியும்.

சுதந்திரப் பாடத்துக்கும் இது பொருந்தும். 1948இல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேட்காமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. திரும்பிப் போனவர்களில் பலர் நீலகிரியில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். ஆகவே தமிழ்நாட்டுப் பாடநூலுக்கும் இதில் கடமை உண்டு. எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

கட்டுரை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘சேர்க்க வேண்டும்’ என்று மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். எந்தத் தரத்தில், எந்தப் பாடத்தில், எந்தச் சான்றோடு என்று சொல்லுங்கள். சிங்கள நூலிலும் தமிழ் நூலிலும் ஒரே செய்தி வரும்படி எழுதிக் காட்டுங்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, லயத்து வீடுகளில் வேலை நாள் பதிந்த பழைய செக்ரோல் ஏடும் பிரஜாவுரிமைப் பத்திரமும் கறையானுக்குப் போகின்றன. உங்கள் மாணவர்களைக் கொண்டு அவற்றைப் படியெடுத்து வையுங்கள். நாளைய பாடநூலுக்கு அவையே ஆதாரம்.

இந்த வேண்டுகோளோடு ஆய்வரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.